இரண்டு தகுதிச் சான்றுகளுக்கு நடுவே ஒரு துரு

கடந்த மாதம் ஓர் அதிகாலையில், தூத்துக்குடித் துறைமுகச் சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில் நின்றிருந்தேன். சரக்குப்பெட்டகம் ஏற்றுவதற்காக வரிசையில் காத்திருந்த டிரெய்லர் லாரிகளுள் ஒன்றின் ஓட்டுநர், பாதியாக வெட்டிய டப்பாவிலிருந்து கறுத்த கழிவு எண்ணெயை, இழுவை லாரியும் டிரெய்லரும் சேரும் இடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"துரு ஏறிடுச்சு அண்ணாச்சி. லாக் விழும்போது கிறீச்சுன்னு சத்தம் போடுது. நாளன்னைக்கு எஃப்.சி. இருக்கு. அதுக்கு முன்னாடி ரெட் ஆக்சைடு அடிச்சுட்டா புதுசு மாதிரி ஆயிடும்" என்றார்.

முப்பது ஆண்டுகள் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இயந்திர வடிவமைப்பு கற்பித்தவன் நான். அந்தப் பதிலில் இருந்த இரண்டு பிழைகளையும் அவரிடம் சுட்டிக்காட்டியிருக்கலாம். ஆனால், அவர் அந்த வண்டியின் உரிமையாளர் அல்லர். நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர். கழிவு எண்ணெயும் மலிவான வண்ணப்பூச்சும்தான் அவருக்குக் கிடைத்த கருவிகள். அவரைத் திருத்துவதைவிட, அந்த இணைப்பைப் பராமரிக்க வேண்டியவர் உண்மையில் யார் என்று கேட்பதே பொருத்தமாகப் பட்டது.

டிரெய்லர் லாரி என்று நாம் ஒரே வண்டியாகக் காண்பது சட்டத்தின் பார்வையில் இரண்டு வண்டிகள். முன்னால் இழுப்பதற்கு ஒரு பதிவெண். பின்னால் சுமப்பதற்கு மற்றொரு பதிவெண். தகுதிச் சான்றும் தனித்தனியே. சில இடங்களில் உரிமையாளரும் தனித்தனி. இவ்விரண்டையும் சேர்ப்பது டிரெய்லரின் அடிப்பகுதியிலிருந்து கீழ்நோக்கி நீண்டிருக்கும் 'கிங் பின்' என்னும் எஃகு முளை. அதன் விட்டம் வெறும் இரண்டு அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். மிகக் கனமான டிரெய்லர்களுக்கு மூன்றரை அங்குல முளையும் உண்டு. இழுவை லாரியின் மேல் கிடக்கும் 'ஃபிப்த் வீல்' என்ற வட்டத் தட்டின் நடுவிலுள்ள தாடைகள் இந்த முளையைக் கவ்விக்கொள்கின்றன. முளை ஒரு பதிவெண்ணுக்கு உரியது. தாடை மற்றொரு பதிவெண்ணுக்கு உரியது. 30 டன் வரை எடையுள்ள ஒரு சரக்குப்பெட்டகம் வளைவிலும் பள்ளத்திலும் லாரியைப் பின்தொடர்வது இந்தப் பிடிப்பை நம்பித்தான். அந்தப் பிடிப்பு மட்டும் எந்தப் பதிவெண்ணுக்கும் முழுமையாகச் சொந்தமில்லை.

துரு இங்கே எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் கூடினால் துரு உண்டாகும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். தூத்துக்குடியில் நான்காவதாக உப்பும் வந்து சேர்கிறது. தமிழ்நாட்டின் உப்பில் பெரும்பங்கை விளைவிக்கும் மாவட்டம் இது. கடற்காற்றிலும் உப்பளக் காற்றிலும் மிதந்து வரும் உப்புத்துகள் இரும்பின்மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும், சாதாரண உப்பு தானாகவே காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கரைந்துவிடும். மழை பெய்ய வேண்டியதில்லை. கடற்கரையின் பின்னிரவுக் காற்றே போதும். உப்பு வாரிய பின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரிலுள்ள மெக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீரை ஈர்க்கத் தொடங்கும். அது பட்ட இரும்பு ஏறக்குறைய எந்நாளும் நனைந்த இரும்புதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் பனிக்காலச் சாலைகளில் இதே மெக்னீசியம் குளோரைடைத் தெளிக்கிறார்கள். அங்குள்ள டிரெய்லர்களின் அடிப்பாகம் விரைவாக அரிக்கப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே அது சில மாதத் தொல்லை. இங்கே ஆண்டு முழுவதும்.

போதாக்குறைக்கு, துறைமுகத்தை ஒட்டியே அனல் மின் நிலையமும் இருக்கிறது. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டையாக்சைடு, உப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்ட வேலையைத் துரிதப்படுத்தும். காற்றின் அரிக்கும் தன்மையைத் தரம்பிரிக்கும் ஐஎஸ்ஓ 9223 என்ற பன்னாட்டுத் தரநிலை, கடுமையான கடலோர, தொழிற்சாலைச் சூழலை 'சி5' என்ற பிரிவில் வைக்கிறது. அத்தகைய இடத்தில் பாதுகாப்பற்ற சாதாரண எஃகு முதல் ஆண்டில் 80 முதல் 200 மைக்ரோமீட்டர் வரை இழக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால், துரு எங்கும் ஒரே சீராகத் தின்பதில்லை. இரண்டு உலோகப் பரப்புகள் ஒட்டிக்கிடக்கும் இடுக்கில் உப்புநீர் தேங்கும், அங்கே ஆக்சிஜன் குறையும், உள்ளே அமிலத்தன்மை கூடும், குழிகள் விழும். அந்தக் குழியின் அடியிலிருந்து விரிசல் புறப்படும். இணைப்பு என்பதே இடுக்குகளின் தொகுதி. எனவே வண்டியின் வேறெந்தப் பாகத்தையும்விட இங்கே துருவுக்கு வசதி அதிகம்.

கிங் பின் உடைந்துபோவது அரிது. அது உறுதியான கலப்பு எஃகு. நான் அஞ்சுவது அதை அன்று. அதைச் சுற்றியுள்ள சிறு பாகங்களை. பூட்டுத் தாடையை இயக்கும் சுருள்வில், கைப்பிடி, தாழ்ப்பாள் ஆகியவை துருவேறி இறுகும்போது, தாடை முழுவதும் மூடாமலேயே மூடியதுபோல நின்றுவிடக்கூடும். ஓட்டுநர் சத்தத்தைக் கேட்டுப் பூட்டு விழுந்துவிட்டது என்று புறப்படுவார். முதல் மேட்டிலோ முதல் திருப்பத்திலோ டிரெய்லர் கழன்றுகொள்ளும். இன்னொன்று, முளை பற்றவைக்கப்பட்டிருக்கும் மேல்தகடு. அதன் உட்புறத்தில் தேங்கும் ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளிருந்தே அது மெலியும். கீழிருந்து பார்ப்பவருக்குப் பளபளப்பான கிரீஸ் மட்டுமே தெரியும்.

அந்தத் தேநீர்க் கடைக் காட்சிக்கு மீண்டும் வருகிறேன். கழிவு எண்ணெய் உயவு தருவதுபோலத் தோன்றினாலும், எரிதலின் எச்சமான அமிலங்களையும் ஈரத்தையும் சுமந்துகொண்டுதான் எஞ்சினிலிருந்து வெளியேறுகிறது. சாலைப் புழுதி அதில் ஒட்டும்போது உப்புத்தாள் போன்ற ஒரு பசையாகி, முளையையும் தாடையையும் தேய்க்கிறது. இது முதல் பிழை. துருவின்மேல் அடிக்கும் ரெட் ஆக்சைடு இரண்டாவது. துருவுக்குள் சிக்கிய குளோரைடு உப்பை எந்தக் கம்பித்தூரிகையும் முழுதாக அகற்றாது. நல்ல நீரால் கழுவினால்தான் அது போகும். கழுவாமல் பூசிய வண்ணத்துக்கு அடியில் அரிப்பு தொடர்ந்து நடக்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கக் கூடியது என்பதால், சில மாதங்களில் வண்ணம் கொப்புளித்து உரியும். அதற்குள் சான்றிதழ் கைக்கு வந்திருக்கும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையன்று. துறைமுகத்திலிருந்தோ உப்பளத்திலிருந்தோ திரும்பியதும் இணைப்பையும் அதன் அடிப்பகுதியையும் நன்னீரால் கழுவ வேண்டும். உலர விட வேண்டும். பழைய கிரீஸை வழித்தெறிந்துவிட்டு நீரில் கரையாத புதிய கிரீஸைப் பூச வேண்டும். பழையதன்மேல் புதியதை அப்புவது புழுதிக்கு மெத்தை விரிப்பதாகும். ஒன்றோடொன்று உராயாத பகுதிகளுக்குத் துத்தநாகம் மிகுந்த அடிப்பூச்சு பொருத்தமானது. அரிப்பு வரும்போது துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். முளையின் பிடிமானப் பரப்பிலும் தாடையின் உட்புறத்திலும் வண்ணம் பூசவே கூடாது. ஆண்டுக்கு இருமுறையாவது டிரெய்லரைக் கழற்றி, முளையின் விட்டத்தை அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் தேய்மானமே முளையை மாற்ற வேண்டிய கட்டத்தை நெருங்கிவிட்டதற்கு அடையாளம்.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. தூத்துக்குடியில் நன்னீருக்கு எங்கே போவது? கடலோரப் பகுதிகளின் நிலத்தடி நீர் உவர்நீர். வண்டி கழுவும் நிலையங்கள் பலவும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருப்பவை. உப்பைக் கழுவ உப்புநீரை அடித்தால் உப்பு இடம் மாறுமே தவிர நீங்காது. அழுத்தத்தோடு அடிக்கும்போது அது முன்பு எட்டாத இடுக்குகளுக்குள்ளும் போய்ச் சேரும். மனிதர் குடிப்பதற்கே வண்டியில் நீர் வரும் ஊரில் லாரிக்கு நன்னீரா என்ற கேள்வி நியாயமானது. ஆனால், முழு வண்டியையும் குளிப்பாட்டச் சொல்லவில்லை. இணைப்புக்குச் சில வாளிகள் போதும்.

கழற்றிப் பார்ப்பதிலும் சிக்கல் உண்டு. இங்கே ஒரு முறை பூட்டிய டிரெய்லரை மாதக்கணக்கில் கழற்றாமலே ஓட்டுகிறார்கள். கழற்ற வேண்டுமென்றால் டிரெய்லரைத் தாங்கி நிற்கும் கால்களை இறக்க வேண்டும். பல வண்டிகளில் அந்தக் கால்களே துருவால் இறுகிக்கிடக்கின்றன. துருவைப் பார்ப்பதற்குத் துருவே தடை! கழற்றிய அரை நாளுக்கு ஓட்டுநருக்குக் கூலி இல்லை. தவணை கட்டும் உரிமையாளருக்கு வருவாய் இல்லை. இந்தக் கணக்கில் கிரீஸ் டப்பா தோற்றுப்போவதில் வியப்பில்லை.

கண்ணுக்குத் தெரியாத இணைப்பு எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு உலகம் ஒருமுறை நன்றாகவே பாடம் படித்தது. அமெரிக்காவில் ஒகையோ ஆற்றின் குறுக்கே 1928-இல் கட்டப்பட்ட சில்வர் பாலம், 1967 டிசம்பர் 15 அன்று மாலை நெரிசல் நேரத்தில் இடிந்து விழுந்தது. 46 பேர் மாண்டனர். பாலத்தைத் தாங்கிய சங்கிலியில், முளை நுழையும் கண் போன்ற ஓர் இணைப்பின் உட்புறத்தில் அரிப்பால் தொடங்கிய விரிசல்தான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த விரிசலின் ஆழம் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். இணைப்பைப் பிரிக்காமல் அதைக் கண்டுபிடிக்க அன்று வழியே இருக்கவில்லை. அந்நாட்டில் பாலங்களை முறையாக ஆய்வு செய்யும் தேசிய விதிகள் பிறந்தது அதன் பிறகுதான்.

நம் நாட்டிலும் அதற்கு இணை உண்டு. குஜராத்தின் மோர்பி தொங்குபாலம் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்ட நான்காம் நாள், 2022 அக்டோபர் 30 அன்று அறுந்து விழுந்து 135 பேர் உயிரிழந்தனர். அறுந்த வடத்திலிருந்த 49 கம்பிகளில் 22 முன்பே துருப்பிடித்திருந்தன என்று சிறப்புப் புலனாய்வுக் குழு தெரிவித்தது. நடைதளத்துக்குப் புதிய தகடு போட்டவர்கள் வடத்தை மாற்றவில்லை. நாளன்றைய எஃப்.சி.க்காக ரெட் ஆக்சைடு வாங்கி வைத்திருந்த அந்த ஓட்டுநர் நினைவுக்கு வருவதை என்னால் தவிர்க்க முடியவில்லை.

ஒரு லாரி இணைப்பை இத்தகைய பேரழிவுகளோடு ஒப்பிடுவது மிகையல்லவா என்று கேட்கலாம். உயிரிழப்பின் அளவில் அது மிகைதான். காற்றழுத்த பிரேக் கொண்ட டிரெய்லர் கழன்றால், குழாய் அறுந்ததும் அதன் சக்கரங்கள் தாமாகவே இறுகி நின்றுவிடும். அது ஒரு பாதுகாப்பு. ஆனால், இரவில் வெளிச்சமில்லாத நெடுஞ்சாலையில், பாதையின் குறுக்கே அப்படி நின்றுவிட்ட டிரெய்லருக்குப் பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டிக்கு அந்தப் பாதுகாப்பால் என்ன பயன்?

கிராமத்து டிராக்டர் டிரெய்லர்களுக்கு அதுகூட இல்லை. பெரும்பாலானவற்றில் பிரேக்கே கிடையாது. சிறுவனாக இருந்தபோது, தாமிரபரணிக் கரையில் எங்கள் பெரியப்பாவின் வாழைத்தார் ஏற்றிய டிரெய்லர் ஆற்றங்கரை ஏற்றத்தில் கழன்று பின்னோக்கி உருண்டதைப் பார்த்திருக்கிறேன். கொக்கியில் போட வேண்டிய பின் துருப்பிடித்துத் தேய்ந்துபோனதால், கட்டடக் கம்பியில் ஒரு துண்டை வெட்டிச் செருகியிருந்தார்கள். அது வளைந்து நழுவிவிட்டது. பின்னால் நடந்து வந்த இருவர் வயலுக்குள் குதித்துத் தப்பினார்கள். பெரியப்பா அன்று மாலையே சரியான பின் வாங்கினார். பாதுகாப்புச் சங்கிலியும் மாட்டினார். கம்பித் துண்டு செருகிய கொக்கிகளை இன்றும் நான் சாலைகளில் காண்கிறேன்.

இனி அரசின் பங்கு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, எட்டு ஆண்டுகளுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்பட வேண்டும். 2021-இல் தொடங்கப்பட்ட பழைய வாகனக் கழிப்புக் கொள்கையும் தகுதிச் சோதனையை வாகனத்தின் வயதோடு சேர்த்தே பார்க்கிறது. தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு மாறுவது நல்ல மாற்றம். ஆள் பார்த்துச் சான்று தரும் பழக்கம் அதனால் குறையும். என் தடை வேறு. துரு வயதைப் பார்ப்பதில்லை, இடத்தைப் பார்க்கிறது. நாமக்கல்லிலிருந்து வடநாட்டுக்கு ஓடும் பன்னிரண்டு வயது லாரியின் இணைப்பைவிட, துறைமுகத்துக்கும் சரக்குப்பெட்டக நிலையத்துக்கும் இடையே ஓடும் நான்கு வயது டிரெய்லரின் இணைப்பு மோசமாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. முன்னது ஆண்டுதோறும் சோதனைக்கு வருகிறது. பின்னது இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம்.

இங்கே துருவைப் பற்றிப் பேச்செடுத்தால், டெல்லி இரும்புத் தூணை உடனே நினைவூட்டும் நண்பர்கள் எனக்கு உண்டு. 1,600 ஆண்டுகள் துருப்பிடிக்காமல் நிற்கிறதே என்பார்கள். அந்த இரும்பிலுள்ள மிகுதியான பாஸ்பரஸ் அதைக் காக்கும் படலத்தை உண்டாக்கியது உண்மை. டெல்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணைநின்றது. பாம்பன் கடற்காற்றில் இரும்பு என்னவாகும் என்பதைப் பழைய ரயில் பாலம் காட்டிவிட்டது. 1914-இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் தூக்குப் பகுதியில் அரிப்பு முற்றியதால், 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்பு வண்ணப்பூச்சும் தேவைப்பட்டன. பாலத்துக்கு இடம் பார்த்துப் பாதுகாப்பு என்பதை ஏற்றுக்கொண்ட நாம், அதே கடற்கரையில் ஓடும் வண்டிகளுக்கு ஏன் ஏற்க மறுக்கிறோம்?

அறிவுக்கும் நமக்குப் பஞ்சமில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கிக் காரைக்குடியில் உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அரிப்பு ஆய்வில் நாட்டின் முதன்மையான நிறுவனம். மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்கு ஆய்வு மையங்கள் உள்ளன. கடற்காற்றில் உலோகங்களை நிறுத்தி ஆண்டுக்கணக்கில் அளந்தவர்கள் அவர்கள். எந்தக் கடலோர வட்டாரத்தில் ஓடும் வண்டிக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை இணைப்புச் சோதனை தேவை என்று போக்குவரத்துத் துறை அவர்களைக் கேட்டால், ஊகத்தில் அன்றி அளவீட்டின் அடிப்படையில் பதில் சொல்லக்கூடியவர்கள்.

அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில், சரக்கு வாகன ஓட்டுநர் அன்றாடம் கவனித்து எழுத்தில் தெரிவிக்க வேண்டிய பாகங்களின் பட்டியலில் பிரேக், டயர், விளக்கு ஆகியவற்றோடு 'இணைப்புச் சாதனங்கள்' என்பது தனியே பெயர்சொல்லி இடம்பெறுகிறது. ஆண்டுச் சோதனையிலும் ஃபிப்த் வீலின் தளர்ச்சி, விரிசல், பூட்டு ஆகியவற்றுக்குத் தனித்தனி வரையறை உண்டு. குறையை எழுதித் தந்த பிறகு அதைச் சரிசெய்யும் பொறுப்பு வண்டியை இயக்கும் நிறுவனத்துடையது. அந்தக் கடைசி விதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தேநீர்க் கடையில் நான் சந்தித்த ஓட்டுநர் சத்தத்தைக் கேட்டறிந்தவர். பழுதை முதலில் உணர்ந்தவர். ஆனால், அதை எழுதிக் கொடுக்க அவருக்கு ஒரு தாள் இல்லை. எழுதிக் கொடுத்தால் வேலை நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை.

தூத்துக்குடியில் 2024 செப்டம்பரில் மேலும் ஒரு பன்னாட்டுச் சரக்குப்பெட்டக முனையம் திறக்கப்பட்டிருக்கிறது. டிரெய்லர்கள் பெருகும், வரிசையில் நிற்கும் நேரமும் உப்புக்காற்றில் நிற்கும் நேரம்தான். துறைமுக நிர்வாகமும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து, வண்டிகள் வெளியேறும் வழியில் நன்னீர்க் குழாயும் டிரெய்லரைக் கழற்றி நிறுத்த ஒரு மேடையும் அமைத்துத் தரலாம். அதற்கான சிறு கட்டணத்தைச் சரக்கை அனுப்புகிறவரின் ரசீதில் சேர்க்கலாம். ஓட்டுநரின் நடைக்கூலியில் பிடிக்கக் கூடாது. கடலோர மாவட்டங்களில் பதிவான டிரெய்லர்களுக்கு, வயது எதுவாயினும், ஆண்டுதோறும் இணைப்புச் சோதனை என்பதை விதியாக்க வேண்டும். அந்தச் சோதனையில் இழுவை லாரியும் டிரெய்லரும் ஒரே நேரத்தில் வர வேண்டும். சோதிப்பவர் இரண்டையும் பிரித்துப் பார்த்து, முளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதி, இரண்டு சான்றுகளிலும் அதே எண்ணைப் பதிய வேண்டும்.

அன்று தேநீரைக் குடித்து முடித்தபோது வரிசை நகர்ந்துவிட்டது. அவர் டப்பாவை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். பூட்டு ஒருமுறை கிறீச்சிட்டது. வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன.